சின்னப் புள்ளதானே, அதுக்கென்ன தெரியும்

அந்த டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடிய ஆளாக இருந்தால் இந்த மனம் எப்போதோ ஆறியிருக்கும்.

எங்கள் ஊர் வாவியின் மேற்கே, படுவான்கரைப் பக்கம். அவர் கிழக்கே, எழுவான்கரைக்காரர். பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்க வந்து, அதற்குப் பக்கத்து வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதையேறி அக்கரைக்குப் போவார், திங்கள் காலையில் முதல் பாதையில் ஏறி வருவார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவை. அதில் மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் இடையில் ஒரு பெரிய கறுப்புக் கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு கைக் காப்பிலும் சேப்டிபின் கோத்திருக்கும். பிள்ளைகளின் பொத்தான் எப்போது அறும் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

நான் வீட்டிலிருந்தே தைப்பவள். கலைவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க அளவெடுக்கப் போன இடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் முழங்காலில் இருந்து ஒரு பையனின் இடுப்பை அளந்துகொண்டிருந்தபோது அவன் பயத்தில் நின்றபடியே காற்சட்டையை நனைத்துவிட்டான். மற்றப் பிள்ளைகள் திரும்ப முதல் டீச்சர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தன் சேலையிலும் பாயிலும் அவன் காலிலுமாகக் கொட்டிவிட்டு, டீச்சருக்குக் கை வழுக்கிப் போட்டுது என்றார். வகுப்பே அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் குந்தி அவன் காதோடு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இரிக்கட்டும் மனே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே என் மகள் தனுவை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது அவருடைய பெரிய பிடிவாதம். தடுப்பூசி போட மிட்வைஃப் வந்த நாளில் தாய்மார் நாங்கள் எல்லோரும் வழக்கம்போலப் பொய்களை அவிழ்த்துவிட்டோம். எறும்பு கடிக்கிற மாதிரித்தான், மருந்து வாசம் மட்டும்தான், உனக்குப் போடமாட்டார்கள், அவனுக்குத்தான் போடுவார்கள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே பிள்ளைகளிடம் குந்தினார். குத்துவார்கள், நோகும், விரல் மடித்து எண்ண முதல் முடிந்துவிடும், அழ விருப்பமானால் அழலாம் என்றார். பாதிப் பேர் அழவே இல்லை. அழுத பிள்ளைகளும் வரிசையை விட்டு ஓடவில்லை. வெளியே வந்து எங்களிடம், நீங்கள் ஒருநாள் பொய் சொன்னால் அதுகள் பிறகு மெய்யையும் நம்பாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அசடு வழிய நின்றோம்.

இதனால் பிள்ளைகள் அவரிடம் கொட்டாத கதை கிடையாது. அப்பா குடித்துவிட்டு வந்தது, அம்மா சங்கிலியை அடகு வைத்தது, நாய் குட்டி போட்டது எல்லாம் அவர் காதுக்குப் போய்விடும். ஒவ்வொரு பிள்ளையும் டீச்சருக்கு மிக நெருக்கமான ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அவரோடு ஒரு இரகசியம் இருந்தது.

எனக்கும் இருந்தது. சட்டை தைக்க வந்தால் தேநீர் குடித்து, தையல் மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, அண்ணையோடு இன்னும் கோபமா அக்கா என்று கேட்டார். எனக்குத் திடுக்கிட்டது. நானும் கணவரும் இரண்டு நாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தனு சொன்னவள், தன்னிடம் மட்டும் சொன்னவள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்றார் சிரித்துக்கொண்டு. அப்படியானால் இப்போது என்னிடம் சொல்வதற்குப் பெயர் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் என்னைத் தன் ஆளாக நினைக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

பிறகு கொரோனா வந்தது.

முதல் தடவை எங்கள் பக்கத்தை அது அவ்வளவாகத் தொடவில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவைகளில்தான் ஊர் கலங்கியது. பாலர் பாடசாலையை மூடினார்கள், ஊருக்கு ஊர் போவதை மறித்தார்கள். டீச்சர் எங்கள் பக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டார். பெரியவர்கள் பயத்தில் என்ன கதைக்கிறோம் என்று தெரியாமல் பிள்ளைகளுக்கு முன்னாலேயே எல்லாம் கதைத்தோம். யாரை ஏற்றினார்கள், யார் திரும்பவில்லை, பெட்டியைத் திறக்க விடமாட்டார்களாம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தனு, நம்மளையும் பெட்டிக்குள்ள வெச்சி மூடுவாங்களா அம்மா என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

டீச்சருக்குத் தெரிந்திருந்தது. வாய்க்கவசம் போட்டு, குடையும் பிடித்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து வருவார். எந்த வீட்டு வாசல் படலையையும் திறக்கமாட்டார். வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை உள்ளே நிற்கும், அவர் வெளியே குந்திக்கொள்வார். படலை இடுக்கால்தான் பள்ளிக்கூடம்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் யன்னலடியில் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. ஒரு வீட்டில் அம்மாள் வந்தால் படலையில் என்ன கட்டுவார்கள் என்று கேட்டார். வேப்பிலை என்றாள் தனு. எங்கள் ஊரில் கொப்பளிப்பான் அம்மையை நோய் என்று சொல்வதில்லை. கண்ணகை அம்மன் வந்து இருக்கிறாள் என்றுதான் சொல்வோம். படலையில் வேப்பிலை கண்டால் வெளியாள் உள்ளே போகமாட்டான், உள்ளிருப்பவர் வெளியே வரமாட்டார். இது பிள்ளைகளுக்கும் தெரியும். வேப்பிலை கட்டின வீட்டோடு யாருக்காவது கோபமா என்று கேட்டார் டீச்சர். இல்லை என்றாள். சமைத்துக் கொண்டுபோய்ப் படலையடியில் வைப்போம்தானே, சுகமானதும் தண்ணீர் வார்த்து வேப்பிலையைக் கழற்றிவிடுவோம்தானே, இதுவும் அப்படித்தான் என்றார்.

"அப்ப இது அம்மாளா டீச்சர்?"

"இல்ல மகள். அம்மாள் வேற, இது வேற. வீட்டுக்குள்ள இரிக்கிறதுதான் ஒரே மாதிரி."

"செத்துப் போவாங்களா?"

"கொஞ்சப் பேர் செத்துப் போறாங்க. கனபேர் சுகமாகிறாங்க. டீச்சருக்கும் பயமாத்தான் இரிக்கு."

நான் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் தொலைக்காட்சியும் வைத்தியர்களும் சொல்லி எனக்கு ஏறாதது அந்தப் படலையடியில்தான் ஏறியது. அன்றைக்குத் தனு பெட்டியைப் பற்றிக் கேட்காமல் நித்திரையானாள். டீச்சருக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன். அதை இப்போது திருப்பி எடுக்க முடியாது.

என் அப்பா எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து சேருவார், அதனால் தாய் தகப்பன் கடைசி மட்டும் மகளோடுதான். அப்பா சுருட்டுக்காரர், இருமல் அவருக்குப் புதிதல்ல. ஆனால் வயல் வட்டையில் தன்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர் செத்த வீட்டுக்குக் களவாகப் போய்வந்த பிறகு தொடங்கிய இருமல் வேறு மாதிரி இருந்தது. காய்ச்சலும் வந்தது. என் கணவர் சொல்லிவிடுவோம் என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தாலும் நான் இந்த வீட்டிலதான் சாகோணும். அங்க கொண்டுபோக விட்டிராத புள்ள." நாங்கள் விடவில்லை. பின் அறையில் வைத்துக் கொத்தமல்லியும் ஆவியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். யார் கேட்டாலும் அம்மப்பா மண்டூருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லு என்று தனுவுக்குச் சொல்லிவைத்திருந்தோம்.

அடுத்த தடவை டீச்சர் வந்தபோது இருவரும் வெகுநேரம் குசுகுசுத்தார்கள். நான் யன்னலால் பார்த்தேன், என்ன என்று கேட்கவில்லை. பின் அறையில் அப்பாவுக்கு நெற்றியில் துணி போட்டுவிட்டு வந்த களைப்பு. பிள்ளைக்கு மனம் விட்டுக் கதைக்க ஓர் ஆளாவது இருக்கிறதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்று பொழுதுபட முன்னம் தனு வேப்பங்கொப்பொன்றை என் தையல் நூலால் படலையில் கட்டிவிட்டாள். விடிந்து பார்த்தால் வீதியால் போகிறவர்கள் எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். எதிர்வீட்டுக்காரி, ஆருக்குகா அம்மாள் என்று அந்தப் பக்கம் நின்றே கேட்டாள். நான் ஓடிப்போய் நூலை அறுத்துக்கொண்டிருக்கிறேன், வீதி முடக்கில் அம்புலன்ஸ் திரும்புகிறது. முன்னால் மோட்டார் சைக்கிளில் சுகாதாரப் பரிசோதகர். வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்கும் நோய் என்று வந்தது. எங்களை வேறு இடத்தில் வைத்தார்கள். அங்கே இருக்கும்போதே அப்பா போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பெட்டியைக் கைபேசியில் காட்டினார்கள். உள்ளே யார் இருந்தார் என்று நான் எதை வைத்து நம்புவது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஊர் ஒரு தீர்ப்போடு காத்துக்கொண்டிருந்தது. படலையில் வேப்பிலையைக் கண்டுதான் யாரோ அறிவித்திருக்கிறார்கள். சின்னவள் கட்டின வேப்பிலைதான் கிழவனைக் கொண்டுபோய்விட்டது. முதலில் எங்களுக்குள் கதைத்தார்கள், பிறகு அவளுக்குக் கேட்கவே கதைத்தார்கள். என் மச்சாளுக்கு, கணவரின் அக்காவுக்கு, நாக்கில் நரம்பில்லை. "உண்ட வேலையாலதான்டி அந்த மனிசன் அநாதையாப் போனாரு" என்று ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் அவளோடு சண்டை பிடித்தேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. தனு அழவில்லை. விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

செய்தி கேட்டு டீச்சர் வந்தார். இந்த முறை படலையைத் திறந்து உள்ளே வந்து, பாயில் தனுவுக்குப் பக்கத்தில் இருந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது மச்சாளும் வந்து சேர்ந்துவிட்டாள். டீச்சருக்கு முன்னாலும் அதே பாட்டைத் தொடங்கினாள். இவள் வேப்பிலை கட்டாமல் விட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா என்று கேட்டாள். டீச்சர் தலை குனிந்திருந்தார். பிறகு தனுவின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"சின்னப் புள்ளதானே, அதுக்கென்ன தெரியும். விடுங்க அக்கா."

என்ன பெரிய மனம் என்று நினைத்தேன். ஊரே பிள்ளையைக் குற்றம் சொல்லும்போது இவர் ஒருவர்தான் பரிந்து பேசினார் என்று பல பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அடுத்த வருடம் அவர் அக்கரையில் வேலை கிடைத்துப் போனபோது நல்லதாக ஒரு சேலை வாங்கி, சட்டையும் தைத்துக் கொடுத்து அனுப்பினேன். பாதையில் ஏறுமட்டும் தனு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தனு அதற்குப் பிறகு கதைக்காத பிள்ளையாகிவிட்டாள். ஊமை என்றில்லை. கேட்டால் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தது, எது தொலைந்தது, எங்கே நோகிறது, எதையும் தானாகச் சொல்ல மாட்டாள். என்ன செய்கிறது என்றால் ஒன்றுமில்லை என்பாள். வேப்பிலைக் கதைதான் பிள்ளையை இப்படி முடக்கிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். கண்ணகை அம்மன் சடங்குக்குக் கூட்டிப்போய் நேர்த்தி வைத்தேன்.

போன மாரியில் ஊரெல்லாம் டெங்கு. தனுவுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது, வந்ததை அவள் சொல்லவில்லை. தலையிடியோடு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள், சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் தொட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் பிள்ளை இல்லை என்றார். ஏன்டி சொல்லவில்லை என்று கட்டிலடியில் நின்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை சுகாதாரப் பரிசோதகர் வளவு பார்க்க வந்தார். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் வந்த அதே மனிதர். பூச்சட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு, தனுவுக்கு எப்படி என்று விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த நேரம் டீச்சரிடம் உங்கள் மகள் வாய் திறந்து சொன்னதால்தான் நீங்கள் எல்லோரும் தப்பினீர்கள், டீச்சர் முதல்நாள் பின்னேரமே எங்களுக்குப் போன் பண்ணிவிட்டார், இந்தக் காலத்தில் அப்படிப் பொறுப்பான ஆட்கள் குறைவு என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். படலையில் வேப்பிலையைக் கண்டு யாரோ அறிவித்ததாகத்தானே ஊரில் சொன்னார்கள் என்று கேட்டேன். வேப்பிலையா, நாங்கள் வேப்பிலை ஒன்றும் காணவில்லையே என்றார்.

அவர் போன பிறகு நான் தொட்டியடியிலேயே இருந்துவிட்டேன்.

போன் பண்ணியதற்காக நான் அந்த மனுஷியைக் குறை சொல்லவில்லை. இதை எழுதும்போதும் யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருந்து அது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் செய்திருக்கலாம். வந்து, நான்தான் அறிவித்தேன் அக்கா, என்னை மன்னியுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குக் கத்தியிருப்பேன், ஒரு வருடம் முகம் பார்த்திருக்க மாட்டேன், பிறகு சரியாகியிருக்கும். ஆனால் தான் செய்ததைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு அந்தத் தலையையே தடவிக்கொடுத்தாரே. தான் செய்ததற்கு என் பிள்ளைக்கு மன்னிப்புக் கொடுத்தாரே. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று எங்களை வெளியே நிறுத்திய வாய்தானே அது.

அடுத்த நாள் காலைப் பாதையில் அக்கரைக்குப் போவது என்று முடிவெடுத்தேன். அவர் படிப்பிக்கிற இடம் தெரியும். பிள்ளைகள் முன்னால் வைத்தே கேட்கிறேன் என்று சேலையும் எடுத்து வைத்தேன். போக முதல் தனுவுக்குச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு காலமும் சுமந்த சுமையை இன்றைக்கு இறக்கிவிடலாம் என்று ஓடிப்போய் அவளைப் பக்கத்தில் இருத்தினேன். உன் வேப்பிலையால் ஒன்றும் நடக்கவில்லை மகள், டீச்சர்தான் போன் பண்ணியிருக்கிறார் என்றேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும்மா."

"என்னெண்டு தெரியும்?"

"அண்டைக்கு வீட்ட வந்தாவே, நீங்க தேத்தண்ணி ஊத்தப் போனீங்க, அப்ப சொன்னவ. தான்தான் சொன்னதெண்டு ஊருக்குத் தெரிஞ்சா தன்ன இஞ்ச இருக்க விடமாட்டாங்களாம். அம்மாக்கிட்டயும் சொல்லிராத எண்டு அழுதவ. நான் சொல்லமாட்டன் எண்டு சொன்னன்."

ஊர் முழுக்க உன்னை ஏசினதே, மாமி முகத்துக்கு நேரே சொன்னாளே, டீச்சரும் பக்கத்தில் இருந்தாரே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் என்னை விளங்காதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்தானே."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு விறைப்பாகவே இருந்தது. கட்டிலில் இருந்த சேலையைப் பார்த்துவிட்டு, எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். காய்ச்சலில்கூட அப்படிப் பயந்ததில்லை அவள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்கம்மா. நீங்க போனா நான் சொல்லிப்போட்டன் எண்டுதான் டீச்சர் நினைப்பா."

சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.